ஒழுங்கின்மையும் ஆக்கமும்: தொடக்ககாலப் பினாங்குத் தமிழர்

நெருக்கடியே புத்தாக்கத்தின் தாய் என்னும் கருத்து கல்வியுலகில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எல்லா நெருக்கடிகளும் ஆக்கத்தைப் பிறப்பிக்குமா? பினாங்குத் தமிழரின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது பொருத்தமாகும்.

1786 ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். 1807இல் நீதிப் பட்டயம் வழங்கப்படும்வரை அங்கு முறையாக நிறுவப்பட்ட நீதிமன்றம் இல்லை. தொடக்கத்தில் துறைமுகத்தில் தீர்வை இல்லை. காட்டைத் திருத்தியவருக்கு நிலம் உரிமையாகும் என்னும் வாக்குறுதியும் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரைச் 'சூலியர்' எனக் குறிப்பிடும் லைட், அவருள் ஏறத்தாழ ஆயிரவர் தீவில் குடியேறியிருந்தனர் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வந்து சென்றனர் என்றும் 1794இல் பதிவு செய்துள்ளார்.

அரசு விட்ட இடைவெளியைச் சமூகமே நிரப்பியது. ஒவ்வோர் இனத்தாரின் சிறு வழக்குகளையும் அவ்வினத்துக் கப்பித்தானே தீர்த்துவைத்தார். இம்முறை புதிதன்று, மலாக்காவில் முன்னரே வழங்கியது. பழைய அமைப்பொன்று புதிய ஊருக்கு ஏற்பப் பயன்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் காலத்தில், 1801இல், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கப்பட்டது. குயீன் வீதி மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. எனினும் இவ்வகை அறநிலைகளின் மேலாண்மையில் பின்னாளில் குறைகள் பெருகவே, 1905இல் அவற்றுக்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒழுங்கின்மையின் பயனுக்கும் எல்லை உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

நீரிணைக்கு அப்பால், இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களில் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஒப்பந்தத்தில் உழைத்த தமிழருக்கும் நெருக்கடி இருந்தது. ஆனால் இடம்பெயரும் உரிமை இல்லை. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. இம்முறை 1910இல்தான் கைவிடப்பட்டது. அங்கும் வழிபாடும் பாடலும் வாழ்ந்தன என்பது உண்மையே. ஆயினும் நிலமும் வணிகமும் தலைமையும் தொழிலாளர் கைக்கு எட்டவில்லை.

இரு கரையிலும் வாழ்ந்தோர் தமிழரே. இரு கரையிலும் நெருக்கடி இருந்தது. விளைவு வேறுபட்டதற்குக் காரணம், ஒருசாராருக்குச் செயற்பட இடம் இருந்தமையும் மறுசாராருக்கு அது மறுக்கப்பட்டமையுமே எனலாம். வசதிக் குறைவே மாணவரின் கற்பனையை வளர்க்கும் எனச் சொல்லப்படும்போது, அம்மாணவருக்குத் தாமே முடிவெடுக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்பதைத் தமிழாசிரியர் முதலில் வினவ வேண்டும்.