ஜார்ஜ் டவுன்: துறைமுகத் தெருவிலிருந்து சுற்றுலா நகரம் வரை

ஜார்ஜ் டவுன் மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரம். மலாக்கா நீரிணையின் வடபகுதியில், பினாங்குத் தீவின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ளது. தெருவோர உணவு, பழைய கடைவீடுகள், வழிபாட்டிடங்கள், மலை ரயில், கடற்கரை ஆகியவற்றுக்காகப் பயணிகள் தேடி வரும் நகரம். 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்நகரின் புகழ்பெற்ற உணவுகளும் காட்சியிடங்களும் பெரும்பாலும் பயணிகளுக்காக உருவானவை அல்ல. துறைமுகத்தில் உழைத்தவர்களும் குடியேறிய வணிகர்களும் தங்கள் தேவைக்காக உருவாக்கிக்கொண்டவை. அவை நீண்டகாலம் நிலைத்ததற்கு ஒரு வாடகைச் சட்டமும் காரணம். அச்சட்டம் நீங்கியபின் நகரம் வளர்ந்த விதம், அவற்றை உருவாக்கிய மக்களின் வாழ்விடத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

துறைமுகத்தின் தோற்றம்

1786-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கினார். தீவு அதுவரை கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. புதிய குடியிருப்புக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவிக்கப்பட்டதால் பல நாட்டு வணிகர்கள் விரைவில் வந்து சேர்ந்தனர். ஹொக்கியன், கான்டனிய, தியோச்சு சீனர்கள், ஆச்சே மலாய்கள், அரேபியர்கள், ஆர்மீனியர்கள், பர்மியர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் எனப் பலரும் குடியேறினர். தமிழ் முஸ்லிம்கள் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்டனர். சூலியா தெரு இன்றும் அப்பெயரிலேயே உள்ளது.

1826-ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சிப் பகுதியாயின. 1832-ல் தலைநகரம் சிங்கப்பூருக்கு மாறியது. ஆயினும் 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், பேராக் மாநிலத்தின் ஈயச் சுரங்கங்கள் பெருகியதும் பினாங்குத் துறைமுகத்துக்கு மீண்டும் வளம் தந்தன. இன்று பயணிகள் பார்க்கும் கடைவீடுகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தையும் அடுத்த சில பத்தாண்டுகளையும் சேர்ந்தவை. கீழே கடை, மேலே வீடு, முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை என்பதே அவற்றின் அமைப்பு.

உழைப்பாளர் உணவு

பினாங்கு உணவுகளில் தமிழருடன் நேரடித் தொடர்புடையது நாசி கண்டார். ‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்புகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, துறைமுகக் கூலிகளுக்கு விற்றனர். பல குழம்புகளைச் சோற்றின் மேல் ஒன்றாகக் கலந்து ஊற்றுவது இதன் தனித்தன்மை. வெள்ளம் என்ற பொருளுடைய ‘பஞ்சிர்’ என்ற மலாய்ச் சொல்லால் அம்முறையைக் குறிப்பிடுவர். காவடி நின்று கடைகள் வந்தபின்னும் பெயர் மாறவில்லை. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907-ல் தொடங்கப்பட்டது.

சீனர்களின் உணவும் அதே சூழலில் வளர்ந்தது. சார் குவே தியோ என்பது தட்டையான அரிசி நூடுல்ஸைப் பெருந்தீயில் இறால், சிப்பிச் சதை, முட்டை, முளைப்பயறு சேர்த்துப் புரட்டியெடுப்பது. பன்றிக்கொழுப்பில் சமைக்கப்பட்டதால் மலிவான விலையில் உடலுழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தந்தது. ஆசாம் லக்சா பல இனத்தவர் கலந்து வாழ்ந்ததன் விளைவு. மீனை வேகவைத்து உதிர்த்த புளிக்குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ் சேர்த்து, இஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவின் மொட்டு, புதினா, அன்னாசி தூவி, கரிய இறால் விழுதுடன் பரிமாறுவர்.

இவ்வுணவுகள் விற்கப்பட்ட இடம் தெருவோரமும் கோப்பித்தியாம் எனப்படும் சீனக் காப்பிக்கடையும். கோப்பித்தியாமின் உரிமையாளர் பானங்களை மட்டும் விற்பார். உணவு விற்போர் சிறு வாடகை கொடுத்து அதே கடைக்குள் ஆளுக்கொரு தள்ளுவண்டியை நிறுத்திக்கொள்வர். ஒருவர் பெரும்பாலும் ஓரிரு உணவை மட்டுமே சமைப்பார். அதையே பல்லாண்டுகள் செய்வதால் கைப்பக்குவம் கூடும். குறைந்த வாடகை இம்முறையின் அடிப்படை.

வழிபாட்டிடங்களும் மலையும்

குடியேறிய ஒவ்வொரு சமூகமும் தனக்கான பொது இடத்தைக் கட்டிக்கொண்டது. தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801-ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவினார். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-ல் கட்டப்பட்டது. குவீன் தெருவில் உள்ள மகாமாரியம்மன் கோயில் 1833-ஐச் சேர்ந்தது. இவையும் சீனர்களின் கருணைத் தேவி கோயிலும் ஒரே தெருவிலும் அதன் அருகிலுமாக, சில நிமிட நடைத் தொலைவுக்குள் உள்ளன. ஒரே குலப்பெயர் கொண்ட சீனர்களின் மன்றங்களில் சிறப்பு வாய்ந்தது கூ கொங்சி. 1901-ல் தீக்கிரையான அதன் மண்டபம் 1906-ல் மீண்டும் கட்டப்பட்டது.

கரையோரத்தில் கடலுக்குள் மரக்கால்களை ஊன்றிக் கட்டிய குலப் படகுத்துறைகள் உள்ளன. சூ, லிம், டான், லீ எனக் குலத்துக்கு ஒன்றாக அமைந்த இவற்றில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன.

நகரின் பெரிய திருவிழா தைப்பூசம். செட்டியார்களின் வெள்ளித் தேர் பினாங்குத் தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்கிறது. சீனர்களும் தேரின் முன் தேங்காய் உடைப்பது இங்கு வழக்கம். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்களில் அனைவருக்கும் இலவசமாக உணவும் பானமும் தரப்படுகின்றன.

ஓய்வுக்கென அமைந்த இடங்கள் முதலில் ஐரோப்பியருக்கும் செல்வர்களுக்கும் உரியவை. பினாங்கு மலை வெயிலிலிருந்து தப்பும் வாழிடமாக இருந்தது. 1885-ல் சார்க்கீஸ் சகோதரர்கள் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியைத் தொடங்கினர். 1923-ல் மலை ரயில் இயங்கத் தொடங்கிய பின்னரே மலை பொதுமக்களின் உல்லாச இடமாக மாறியது. பழைய ரயிலில் பாதிவழியில் வண்டி மாற வேண்டும். 2011-ல் வந்த புதிய ரயில் நேராக உச்சிக்குச் செல்கிறது.

வாடகைச் சட்டம்

விடுதலைக்குப் பின் மலேசியாவில் இயற்றப்பட்ட 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராமல் நிறுத்தியது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் பெரும்பாலானவை இச்சட்டத்தின் கீழ் வந்தன.

சட்டத்தின் நோக்கம் பாரம்பரியப் பாதுகாப்பு அல்ல. ஆனால் விளைவு அதுவாகவே அமைந்தது. இடித்துக் கட்டினால் ஆதாயம் கிடைப்பது கடினம் என்பதால் உரிமையாளர்கள் கட்டடங்களை அப்படியே விட்டனர். பிரம்பு முடைவோர், பெயர்ப்பலகை செதுக்குவோர், ஊதுபத்தி செய்வோர், உணவு விற்போர் ஆகியோர் தலைமுறைகளாக அதே வீடுகளில் தொழில் செய்தனர். மறுபக்கம், வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை. கூரைகள் ஒழுகின, சுவர்கள் சிதைந்தன.

இதே காலத்தில் மாநிலத்தின் பொருளாதாரம் வேறு திசையில் வளர்ந்தது. 1960-களின் இறுதியில் ஜார்ஜ் டவுன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்ததால் வேலையின்மை பெருகியது. முதலமைச்சர் லிம் சொங் இயூ தொழிற்சாலைகளை வரவழைத்தார். 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்டெல் உள்ளிட்ட மின்னணு நிறுவனங்கள் கால்பதித்தன. 1985-ல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. 2014-ல் இரண்டாம் பாலம் வந்தது. 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 17 லட்சத்தைக் கடந்திருந்தது. வளர்ச்சி புறநகரில் நிகழ்ந்ததால் பழைய நகரம் பெருமளவு அதன் போக்கிலேயே இருந்தது.

சட்டம் நீங்கிய பின்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-ல் ரத்து செய்யப்பட்டது. சில ஆண்டுகள் அவகாசத்துக்குப் பின் 2000-ல் வாடகை முழுமையாகச் சந்தை விலைக்கு வந்தது. பல மடங்கு உயர்ந்த வாடகையைக் கட்ட முடியாத குடும்பங்கள் வெளியேறின. காலியான கடைவீடுகள் சிலவற்றில் பறவைக்கூட்டு வணிகத்துக்காக உழவாரக் குருவிகள் வளர்க்கப்பட்டன.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் இணைந்து உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றன. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த காப்புப் பகுதியும் சேர்த்துச் சுமார் 259 ஹெக்டேர் இதில் அடங்கும். கட்டடங்களை இடிப்பதும் உயரமாகக் கட்டுவதும் கட்டுப்படுத்தப்பட்டன. 2012-ல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் ஆர்மீனியன் தெருவிலும் அருகிலும் வரைந்த சுவரோவியங்கள் இளைஞர்களை ஈர்த்தன. பழைய வீடுகள் சிறு விடுதிகளாகவும் நவீனக் காப்பிக்கடைகளாகவும் மாறின. 2022 டிசம்பரில் வெளியான மிச்செலின் வழிகாட்டி முதன்முறையாகப் பினாங்கைச் சேர்த்தது. தள்ளுவண்டி உணவுகளும் அதில் இடம்பெற்றன.

உலகத் தகுதி கட்டடங்களைக் காத்தது. ஆனால் அதுவே அவற்றின் விலையையும் உயர்த்தியது. ஒரு கோப்பித்தியாம் விடுதியாக மாறும்போது, அங்கு நின்ற நான்கைந்து தள்ளுவண்டிகளும் இடம் இழக்கின்றன. படித்த பிள்ளைகள் பெற்றோரின் அடுப்பின் முன் நிற்க விரும்புவதில்லை. 2016 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் உள்ளூர்த் தெருவுணவைச் சமைக்க மாநில அரசு தடைவிதித்தது. சமைப்பவரின் கையைக் காக்கும் முயற்சி இது. ஆயினும் அடுத்த தலைமுறை அத்தொழிலுக்கு வருவதைத் தடையால் உறுதிசெய்ய முடியாது.

பயணி இன்று ஜார்ஜ் டவுனில் காலையில் கோப்பித்தியாமில் உண்டு, கோயில்களையும் பள்ளிவாசலையும் நடந்தே பார்த்து, மாலையில் மலையேறி, இரவில் நாசி கண்டார் கடையில் அமரலாம். சுண்ணாம்பும் ஓடும் கொண்டு ஒரு வீட்டைப் பழையபடி சீரமைக்க முடியும். அவ்வீட்டில் குறைந்த வாடகையில் தொழில் செய்து வாழ்ந்தவரை மீண்டும் அங்கு குடியமர்த்துவதே கடினம். பினாங்கின் பாரம்பரியம் பற்றிய இன்றைய விவாதங்களின் மையக் கேள்வி அதுவே.