இழுத்தவனும் இழுபட்டவனும்

ஜீப் வண்டியைப் படைத்தது யார் என்று கேட்டால், பெரும்பாலோர் "வில்லிஸ் கம்பெனி" என்பார்கள். மோட்டார் விஷயத்தில் சற்றுப் பரிச்சயம் உள்ளவர்கள் ஃபோர்டையும் சேர்த்துக்கொள்வார்கள். ஜீப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறதே ஒரு குட்டி டிரெயிலர், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்தக் கதையின் அநியாயம் முழுவதும் அந்தக் குட்டி வண்டியில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

1940-ம் வருஷம். ஹிட்லரின் சேனை பிரான்ஸை விழுங்கியிருந்த சமயம். அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக ஒரு சிறு வண்டி தேவைப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும். எடை 1,300 ராத்தலுக்குள் இருக்க வேண்டும். முதல் வண்டி 49 நாளில் வாசலுக்கு வந்துவிட வேண்டும். 135 கம்பெனிகளுக்கு அழைப்புப் போயிற்று. 49 நாள் என்ற நிபந்தனைக்குத் தலையாட்டியது ஒன்றே ஒன்று: பென்ஸில்வேனியாவில், பட்லர் என்ற ஊரில், மூடுவிழாவை எதிர்நோக்கியிருந்த 'அமெரிக்கன் பாண்டம்'.

அவர்களிடம் என்ஜினீயர்கூட இல்லை. கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவரை வரவழைத்தார்கள். சம்பளம் பேசாமலே வந்து உட்கார்ந்த அந்த மனிதர், இரண்டே நாளில் வண்டிக்கு வரைபடம் போட்டார். செப்டம்பர் 23-ந் தேதி மாலை ஐந்து மணிக்குக் கெடு. நாலரை மணிக்கு வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்துவிட்டது! எடை மட்டும் கட்டுக்குள் அடங்கவில்லை. ஆனால் வண்டியின் வலிவைக் கண்ட பிறகு எடையைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

சிறிய தொழிற்சாலை, ஆயிரக்கணக்கில் செய்து தர இவர்களால் ஆகுமா என்று ராணுவம் சந்தேகப்பட்டது. பாண்டத்தின் வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு இருவர் கைக்கும் போயின. வில்லிஸ் தன் அறுபது குதிரைச் சக்தி என்ஜினுடன் வந்தது. விலையும் குறைவாகக் கேட்டது. 1941-ல் பெரிய ஒப்பந்தம் அதற்கே கிடைத்தது. யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டுமாக ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்தார்கள். பாண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு.

அப்புறம் அதற்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? டிரெயிலர் செய்கிற வேலை! தான் பெற்ற பிள்ளை ஊரார் வீட்டில் ராஜாவாக வளர, அவன் பின்னால் மூட்டை சுமக்கிற உத்தியோகம் தாய்க்கு.

ஆயினும் அந்த வேலையையும் பாண்டம் சிரத்தையாகவே செய்தது. ஜீப்பின் சக்கரமே டிரெயிலருக்கும் பொருந்தும். வழியில் ஒன்று போனால் மற்றதிலிருந்து கழற்றி மாட்டலாம். தண்ணீர் புகாத தொட்டி. ஆற்றில் மிதந்தபடியே கடக்கும். ஏற்றக்கூடிய பாரம் 500 ராத்தல்.

யுத்த காலத்து ஜீப் ஒன்றை வாங்கி, டிரெயிலர் பூட்டத் தயார்ப்படுத்திய நண்பருடன் நானும் பட்டறைக்குப் போயிருக்கிறேன். மேஸ்திரி என்ஜின் மூடியைத் திறக்கவே இல்லை. முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, கொக்கி மாட்டும் பின் சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். அப்புறம் பிரேக். "இழுக்கிறது பெரிசில்லீங்க, நிறுத்தறதுதான் பெரிசு. பின்னாலே இருக்கிறது முன்னாலே தள்ளும்" என்றார். பிறகு ரேடியேட்டர், வில் பட்டைகள். கொக்கி விட்டுப்போனால் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகள். பழைய ஜீப்புக்கு ஆறு வோல்ட் மின்சாரம். ஆகவே டிரெயிலரின் பின்விளக்குக்கும் அதற்கேற்ற பல்பு. கடைசியாகச் சொன்னது நம் ஊர் வண்டிக்காரன் சொல்வதுதான்: பின்பாரம் ஆகாது, முன்பாரம் கொஞ்சம் இருக்கட்டும். பின்பாரமானால் டிரெயிலர் வாலை ஆட்டி, ஜீப்பையும் ஆட்டிவிடும்.

1948-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன், ஜீப்பைத் தானே படைத்ததாக வில்லிஸ் விளம்பரம் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. நியாயம் பிறந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? 1950-ல் 'ஜீப்' என்ற பெயர் வில்லிஸுக்கே முத்திரையாகப் பதிவாயிற்று. பம்பாயில் மகீந்திரா கம்பெனி பூட்டி நம் சாலைகளுக்கு அனுப்பியதும் வில்லிஸ் ஜீப்பைத்தான்.

சரித்திரமும் ஒருவகையில் டிரெயிலர் பூட்டிய வண்டிதான். முன்னால் போகிறவன் பெயரே நம் கண்ணில் படுகிறது. இனி எங்கேனும் பழைய ஜீப் ஒன்று டிரெயிலரோடு போகக் கண்டால், முதல் வணக்கத்தைப் பின்னால் வருவதற்குப் போடுங்கள்.