கித்தா இல்லாத கித்தாப் பாய்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பத்து காஜா கடைகளின் வாசலில் சுருட்டிய பாய்களை நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஆறடி அகலம். பளிங்கு மாதிரி ஒன்று, மரப்பலகை மாதிரி ஒன்று, சிவப்பில் பெரிய பூப்போட்டது ஒன்று. மலாயில் திக்கார் கெத்தா. பாட்டிக்கு அது கித்தாப் பாய். சுவரிலிருந்து சுவர் வரை விரிப்பதால் எங்கள் லயத்தில் சிலர் 'கார்ப்பெட்' என்றும் சொன்னார்கள், கொஞ்சம் பெருமையாகவே.

பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவர் வெட்டிய பாலில் ஒரு சொட்டுகூட அந்தப் பாயில் இல்லை என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. அது பிவிசி, அதாவது பிளாஸ்டிக். பெயரில் மட்டும் கித்தா எப்படி ஒட்டிக்கொண்டது என்று தேடப்போய், கதை லண்டன் வரை இழுத்துக்கொண்டு போனது.

மலாயில் கெத்தா என்றால் மரத்தில் வடியும் பால், பிசின். அது நம் ஆட்கள் வாயில் கித்தா ஆனது. வெள்ளைக்காரன் வாயில் 'கட்டா' ஆனது. கட்டா பெர்ச்சா என்று அவன் எழுதிவைத்தது மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட அந்த மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள்.

1844இல் எலைஜா காலோவே என்பவர் இங்கிலாந்தில் ஒரு தரைவிரிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பரையும் தக்கைத் தூளையும் சேர்த்து அரைத்துத் தகடாக்கியது. பெயர் காம்ப்டூலிகான். நடந்தால் சத்தம் கேட்காது. பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்ட வாசிப்புக் கூடத்தில் அதைத்தான் விரித்தார்கள். மார்க்ஸ் உட்கார்ந்து படித்த அதே கூடம். ஆக உண்மையான கித்தாப் பாய் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, லயத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ரப்பர் விலை ஏறியதும் அது கட்டுப்படியாகவில்லை. ஃபிரெடரிக் வால்டன் ரப்பரைத் தூக்கிவிட்டு ஆளி விதை எண்ணெயைக் காயவைத்துப் பயன்படுத்தினார். 1860களில் வந்த அந்தச் சரக்குக்கு லினோலியம் என்று பெயர் வைத்ததும் அவரே. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஸ்காட்லாந்தின் நேர்ன் கம்பெனியும் அதே பெயரில் விற்க ஆரம்பித்தது. வால்டனின் கம்பெனி வழக்குப் போட்டு 1878இல் தோற்றது. அந்தப் பொருளுக்கு வேறு பெயரே இல்லை, பெயர் பொருளோடு போய்விட்டது என்றது நீதிமன்றம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், 1877இல், ரப்பர்க் கன்றுகள் பேராக்குக்கு வந்தன. கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ தன் தோட்டத்தில் நட்டுவைத்தார். பிறகு வந்த கதை நம் குடும்பங்களின் கதை, விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்து காஜாவுக்குப் பக்கத்திலேயே வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கோட்டை கட்டி முடிக்காமல் நிற்கிறது. அதன் அருகில் உள்ள மாரியம்மன் கோயில் கூரையில் சாமிகளோடு கோட்டுப் போட்ட துரையும் நிற்கிறார். அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தார்.

அதே 1926இல் அமெரிக்காவில் குட்ரிச் என்ற டயர் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை இரும்போடு ஒட்டவைக்கப் பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. வளைகிற, ரப்பர் மாதிரியே இருக்கிற பிவிசி கிடைத்தது. ரப்பரால் பிழைத்த கம்பெனியிலேயே ரப்பரின் இடத்தைப் பிடிக்கப்போகிற பொருள்களில் ஒன்று உருவானது. அது பாயாகி பத்து காஜாவுக்கு வந்தபோது வழவழப்பைப் பார்த்துப் பழைய பெயரையே சூட்டிவிட்டார்கள்.

விரிக்கிற வேலை அப்பாவுடையது. ஆள் வைத்துப் போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. பாயை முதலில் வெயிலில் போட வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுகொண்டே இருக்கும். சுவரோரம் மூன்று விரல் மிச்சம் விட்டு விரித்து, மூலையை முழங்காலால் அழுத்திக்கொண்டு பிலேடால் கீற வேண்டும். சுவரை ஒட்டி அறுத்துவிடக் கூடாது, நூல் அளவு இடம் விடணும். சூட்டில் பாய் விரிந்தால் நடுவில் உப்பிக்கொள்ளும். இரண்டு பாய் சேருமிடத்தில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, பூவோடு பூ பொருத்தி, இரண்டையும் ஒரே வெட்டில் அறுத்தால்தான் கோடு தெரியாது. ஒரு வருடம் அப்பா பூவைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். அந்தத் தீபாவளி முழுக்க அம்மா அதைச் சொல்லிக்காட்டினார்.

பாய்க்கு அடியில் பேப்பர் போடுவோம். பழைய தமிழ் நேசன். பாயைத் தூக்குகிற அன்று வேலை நகராது, ஆளாளுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு குந்திவிடுவோம். நான் தொடர்கதை படிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான், நடு அத்தியாயங்களாக. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது.

ஒரு விஷயத்தை மட்டும் பாட்டி விடமாட்டார்.

"பசை போடாதய்யா. ஆணியும் அடிக்காத. நம்ம வீடா இது?"

வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. சுவருக்கு என்ன சாயம் என்பதுகூட நிர்வாகம் முடிவு செய்வது. தரை மட்டும்தான் எங்கள் இஷ்டம், அதுவும் சுருட்டி எடுத்துப்போகிற மாதிரி இருக்கும்வரை. எத்தனை லயங்களில் எத்தனை குடும்பங்கள் இதே கணக்கைப் போட்டிருக்கும்! தோட்டத்து வாழ்க்கையின் வரலாற்றை நாம் கப்பல், கங்காணி, சம்பளம் என்று எழுதுகிறோம். பசை போடாமல் விரித்த பாயையும் அதில் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்திலும் கித்தாவை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஆள் குறைந்தது. பிறகு நோட்டீஸ் வந்தது. சாமான் ஏற்றின லாரியில் கடைசியாக ஏறியது பாய். அந்த வருடம்தான் வாங்கியது, அறுபது வெள்ளி, விட்டுவர மனமில்லை.

புது இடம் நாலாவது மாடியில் ஒரு மலிவு விலை வீடு. பாயை விரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் அரை அடி குறைந்தது. நடுவில், லயத்து வீட்டின் தூணுக்காக அப்பா சதுரமாக அறுத்திருந்த ஓட்டை, ஹாலுக்கு மத்தியில் வந்து விழுந்தது. அங்கே தூண் எதுவும் இல்லை.

"அது கெடக்கட்டும். மேல எதையாச்சும் வச்சிக்கலாம்" என்றார் பாட்டி.

அப்பா கேட்கவில்லை. மூலையில் மடிந்துகிடந்த இடத்திலிருந்து ஒரு சதுரம் அறுத்து, டேப் போட்டு ஓட்டையை அடைத்தார். பூ சரியாகத்தான் பொருந்தியது. டேப் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை பிய்ந்துகொண்டு வந்தது. இனி இது சொந்த வீடுதானே, பசை போட்டுவிடுவோமா என்று கேட்டேன். அப்பா பாட்டியைப் பார்த்தார். பாட்டி பதில் சொல்லவில்லை. அடுத்த மாதமும் டேப்தான் வாங்கிவந்தார்.