கூரை ஒழுகலுக்கு டேப் ஒட்டும் முன்: தோட்ட வீட்டாரும் தாமான் வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டியவை

மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் காற்றை நம் கரையோர மக்கள் நன்றாகவே அறிவார்கள். வானிலைத் துறையினர் அதற்குச் 'சுமத்ரா காற்று' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை எந்த விடியலிலும் அது வரலாம். ஓரிரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் பழைய தகரக் கூரையின் ஆணியைத் தளர்த்தி, ஓரத்தைத் தூக்கிவிட அந்த நேரமே போதும். வெயில் வந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் ஹார்ட்வேர் கடைக்குப் போய், ஒரு பக்கம் வெள்ளித் தாள்போல மின்னும் டேப் சுருள் ஒன்றை வாங்கி வருவார். பிறகு ஏணி எடுக்கப்படும்.

அந்த டேப் நல்ல பொருள்தான். முறையாக ஒட்டினால் பல மழைக்காலம் தாங்கும். டேப் ஒட்டியதால் மட்டும் யாருக்கும் பெரிய நோய் வந்துவிடாது. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது: ஒட்டுவதற்காகச் சுரண்டும் கூரையில், பூசும் பிரைமரில், காட்டும் நெருப்பில், ஏறி நிற்கும் ஓட்டில். டேப் சுருளில் எச்சரிக்கைக் குறி பெரும்பாலும் இருக்காது. அதைப் பார்த்து வேலை முழுவதுமே பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறோம்.

எந்த டேப் எது?

கடையில் கேட்டால் எல்லாவற்றையும் 'லீக் டேப்' என்று கொடுத்துவிடுவார்கள். வெள்ளித் தாள் முதுகும் சாம்பல் அல்லது வெள்ளை நிறப் பசையும் கொண்டது பெரும்பாலும் பியூட்டைல் டேப். பிசைந்த மாவுபோல இழுபடும், வாடை குறைவு. பசை கறுப்பாக இருந்து, வெயிலில் இளகித் தார் வாடை வந்தால் அது பிட்டுமின் டேப். பசையே இல்லாமல், குழாய் மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடா மூன்றாவது வகை. பிளம்பர்கள் அதை 'ஒயிட் டேப்' என்பார்கள்.

பியூட்டைல் என்பதும் ஒரு வகை ரப்பர்தான். ஆனால் மரத்திலிருந்து வருவதில்லை, 1937இல் அமெரிக்காவில் பெட்ரோலியத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு வந்த ஒட்டு டேப்புகளின் பசையில் பால்மரத்து ரப்பர்தான் இருந்தது. மலாயாவில் வாணிப நோக்கில் பால்மரம் முதலில் நடப்பட்டது நம் மலாக்காவில்தான். டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் அசஹானிலும் நட்டார். பால் வெட்டிய கையில் ஒட்டுப்பால் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்த பாட்டிமாருக்கு டேப் பசையின் குணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்று வகையில் பியூட்டைலே ஓரளவு சாதுவானது. பிட்டுமினையும் அப்படியே ஒட்டும்வரை பெரிய கவலை இல்லை. சரியாக ஒட்டவில்லை என்று சிலர் கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கூரை வேலையில் ஒரு வகைப் பிட்டுமின் புகையை நாள்தோறும் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் வகைப்படுத்தியது. வீட்டில் ஒரு நாள் செய்யும் வேலைக்கும் பல்லாண்டுத் தொழிலுக்கும் வித்தியாசம் உண்டு. இருந்தாலும் தானாக ஒட்டும் டேப்புக்கு நெருப்பு தேவையே இல்லை. கூரை காய்ந்திருந்து, டேப்பை உருளையாலோ துணியாலோ அழுத்தித் தேய்த்தால் போதும். பழைய வீட்டின் காய்ந்த மரச் சட்டங்களுக்குப் பக்கத்தில் டார்ச் பிடிப்பது வேறு எந்த வகையிலும் நியாயமில்லாதது.

சுரண்டும் முன் ஓட்டைப் பாருங்கள்

டேப் பிடிக்க வேண்டுமானால் பாசி, துரு, தூசி போக வேண்டும். அதனால் எல்லாரும் கம்பி பிரஷ் எடுக்கிறார்கள். தகரக் கூரை என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு சுரண்டலாம். ஆனால் பழைய லயத்து வீடுகளிலும், பழைய தாமான் வீடுகளின் பின்கட்டிலும், கோழிக் கூண்டிலும், வண்டி நிறுத்தும் கொட்டகையிலும் சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஒரு சிமெண்டுத் தகடு இருக்கும். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்று கல்நார் இல்லாத சிமெண்டுத் தகடுகளும் விற்கிறார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சோதனைக்கூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே பழைய தகடு என்றால் கல்நார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகடு முழுமையாக, யாரும் தொடாமல் இருக்கும்வரை அதிலிருந்து நார் அதிகம் வெளியேறாது. கம்பி பிரஷால் தேய்த்தாலோ, துளை போட்டாலோ, ரம்பத்தால் அறுத்தாலோ, உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிப் பாசி நீக்கினாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். நுரையீரலில் போய்த் தங்கியவை வெளியே வருவதில்லை. நுரையீரல் புற்றுநோயும், மெசோதீலியோமா என்னும் நெஞ்சுச் சவ்வுப் புற்றுநோயும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட வரும். அதனால்தான் இதை யாரும் அன்றைய வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

மலேசியாவில் கல்நார் வேலைகளுக்கென 1986இல் தனி விதிமுறைகள் வந்தன. நீலக் கல்நாரின் பயன்பாடு 1999இல் தடை செய்யப்பட்டது. சட்டம் என்ன சொன்னாலும், பல பத்தாண்டுகளுக்கு முன்பு போட்ட கூரை நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

அப்படியானால் ஒழுகும் கல்நார் கூரையை என்ன செய்வது? சுரண்டாதீர்கள், காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். முன்பு ஒட்டிய டேப்பைப் பிய்க்கவும் வேண்டாம், பசையோடு நாரும் உரிந்து வரும். கீழே வாளி வைத்துச் சமாளித்துக்கொண்டு, விவரம் தெரிந்த குத்தகையாளரைக் கூப்பிட்டு அந்தத் தகட்டையே மாற்றுவதுதான் சரியான வழி. சில்லு கீழே விழுந்தால் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டுங்கள். கல்நார்த் தூசியும் நாரும் 2005ஆம் ஆண்டின் விதிமுறைப்படி திட்டமிட்ட கழிவுப் பட்டியலில் உள்ளவை. கடையில் விற்கும் சாதாரணத் துணி முகக்கவசம் இந்த நாரைத் தடுக்காது.

இன்னொன்று, நார் நோய் வர முப்பது ஆண்டு எடுக்கலாம், ஓடு உடைந்து விழுவதற்கு ஒரு நொடி போதும். பழைய கல்நார்த் தகடு மனித எடையைத் தாங்காது. துருப்பிடித்த தகரமும் அப்படித்தான். டேப்பின் பின்பக்கம் உரித்துப் போடும் தாள் வழவழப்பானது. அதைக் கூரைமேலேயே போட்டுவிட்டு அதன்மீது கால் வைத்தால் சறுக்கிவிடும். உரித்ததும் பையில் திணித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஏற வேண்டாம். தகரம் கையைச் சுடும், வெள்ளித் தாளின் பளிச்சொளி கண்ணைக் கூசவைக்கும். ஏணியைப் பிடிக்க ஒருவர் கீழே இருந்தே ஆக வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய அப்பா 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால், தயவுசெய்து அவரை ஏறவிடாதீர்கள்.

தோட்டத்தில் வேலை செய்து, நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் ஏணியைத் தேடும் முன் தோட்ட அலுவலகத்துக்குப் போவது நல்லது. தொழிலாளர் வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு, 446ஆம் சட்டம் எனப்படும் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டப்படி முதலாளியுடையது. வாயால் சொல்வதோடு விடாமல் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

டின்னில் எழுதியிருப்பது என்ன?

சில டேப்புகளுக்கு முதலில் பிரைமர் பூச வேண்டும். டேப்பைவிட அந்தச் சிறிய டின்தான் கவனிக்க வேண்டிய பொருள். டோலுவீன், சைலீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் அதில் இருக்கலாம். தலைசுற்றல், தலைவலி, குமட்டல் வந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். உடனே வெளியே வந்துவிடுங்கள். குளியலறை, மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடுக்கு, கதவடைத்த சமையலறை ஆகிய இடங்களில் பூசவே வேண்டாம். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும், அடுப்போ கொசுவத்தியோ போதும்.

2013ஆம் ஆண்டின் விதிமுறைப்படி இத்தகைய இரசாயனங்களின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்காது. ஆகவே வீட்டில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். 'அமாரான்' என்றால் எச்சரிக்கை. 'பஹாயா' என்றால் அதைவிடக் கடுமையானது, ஆபத்து. சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் இருந்தால் தீப்பற்றும். ஆச்சரியக்குறி இருந்தால் தோலையோ கண்ணையோ உறுத்தும். மனித மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படம் இருந்தால் உள்ளுறுப்புகளைப் பாதிக்கும், நீண்டநாள் கெடுதலும் உண்டு.

மிச்சமிருக்கும் பிரைமரைப் பூட்டி வையுங்கள். பசை முகரும் பழக்கம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. இந்த ஆவியை வேண்டுமென்றே இழுக்கும் பிள்ளைக்கு முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம்.

ஒயிட் டேப்பும் கேஸ் தோம்பும்

ஒயிட் டேப் என்பது ஒட்டாத சட்டியில் பூசும் அதே டெஃப்லான். தண்ணீர்க் குழாயில் சுற்றி வைத்தால் ஒன்றும் செய்யாது. ஏறக்குறைய 350 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் நச்சுப் புகை விடும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். டேப் துணுக்கு ஒட்டிய விரலால் சிகரெட் பற்ற வைத்து இந்தக் காய்ச்சல் வந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கிறார்கள். குழாய் வேலை முடித்தால் கை கழுவிய பிறகே சிகரெட். புகைப்பதையே விட்டால் இன்னும் நல்லது, அது வேறு கட்டுரை.

சமையல் கேஸ் தோம்பின் ரப்பர் குழாய் வெடித்தால் அதில் எந்த டேப்பையும் சுற்றாதீர்கள். குழாயை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. வெள்ளித் தாள் டேப்பை மின்கம்பிக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. அது அலுமினியம், மின்சாரம் பாயும்.

பசை பட்டால்

தோலில் ஒட்டிய பசையைத் தின்னராலோ பெட்ரோலாலோ துடைப்பது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். அது தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிப்பை உண்டாக்கும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். சில பசைகளில் ஒட்டும் தன்மைக்காகச் சேர்க்கும் ரோசின் என்னும் பைன் மரப் பிசின் சிலருக்கு ஒவ்வாது. ஓரிரு நாள் கழித்து ஒட்டிய இடம் சிவந்து, அரித்து, கொப்புளித்தால் அடுத்த முறை கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மருந்தகப் பிளாஸ்திரி ஒவ்வாதவர்கள் முன்னதாகவே கவனமாக இருக்கலாம்.

கண்ணில் பிரைமர் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போகவும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை மோசமாகும். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் நேராக 999. எங்கே போனாலும் அந்த டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மிச்சத் துண்டுகளையும் உரித்த தாளையும் காய்ந்த செம்பனை மட்டையோடு சேர்த்துக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். அந்தக் கறும்புகை முதலில் போவதும் பக்கத்து வீட்டுக்குள்தான். பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். காலியான பிரைமர் டின்னை மூடி திறந்து வெளியில் நன்றாகக் காயவிட்டுப் பிறகு போடலாம், அதில் பூச்செடி நடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதும் வேண்டாம்.