சரிவில் கார் நிறுத்துதல்

சரிவில் கார் நிறுத்துதல் என்பது, கையால் கியர் மாற்றும் காரை ஏற்றத்திலோ இறக்கத்திலோ தானாக உருளாதபடி நிறுத்திவைக்கும் முறை. ஹேண்ட் பிரேக், கியர், முன்சக்கரத் திருப்பம் என மூன்று பிடிகள் இதில் சேர்கின்றன. ஒன்று விட்டாலும் மற்றொன்று தாங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஓட்டுநர் இல்லாதபோது வண்டி தற்செயலாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ நிறுத்த வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 126.

விசையும் பிடிப்பும்

10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாலையில், 1,000 கிலோ காரை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான விசை கீழே இழுக்கிறது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் கேபிள் வழியாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். கேபிள் நாளடைவில் தளரும். மலையிறங்கிய சூட்டோடு நிறுத்தினால், டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி இளகவும் கூடும். சில நிமிடம் கழித்து மறுபடி இழுத்துப் பார்ப்பது நல்லது.

எஞ்சினை அணைத்துக் கியரில் விட்டால், சக்கரம் உருள எஞ்சினையும் சுழற்றியாக வேண்டும். சிலிண்டரில் அடைபட்ட காற்று அதைத் தடுக்கிறது. அந்தக் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசிவதால், கியரை மட்டும் நம்பிய கார் சிறிது சிறிதாக நகரலாம்.

வரிசை

கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுக்க வேண்டும். பிறகு கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் வண்டி லேசாக அசைந்து, எடை ஹேண்ட் பிரேக்கில் இறங்கும். அதன் பின்னரே மீண்டும் பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்து, கியர் போட்டுக் கிளட்சை விட வேண்டும். முதலிலேயே கியரில் விட்டால் முழு எடையும் கியர் பற்களில் விழும். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.

சக்கரத் திருப்பம்

இடப்புறம் நடைபாதைத் திட்டு இருந்தால், ஏற்றத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கமும் இறக்கத்தில் இடப்பக்கமும் ஒடிக்க வேண்டும். உருண்டாலும் டயர் திட்டில் முட்டி நிற்கும். சான் பிரான்சிஸ்கோ நகரில் 3 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவில் இப்படித் திருப்பாமல் நிறுத்தினால் அபராதம் உண்டு.

கொல்லிமலை போன்ற மலைப்பாதைகளில் பெரும்பாலும் திட்டு கிடையாது. அங்கே மலைப்பக்கம் ஒதுங்கி, உருண்டால் வண்டி மலையை நோக்கியே போகும்படி இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். இடப்புறம் பள்ளமாக இருந்தால் அங்கே நிறுத்தவே கூடாது. கொண்டை ஊசி வளைவும் நிறுத்தும் இடமல்ல.

கல் வைத்தல்

செங்குத்தான சரிவில், டயர் உருளக்கூடிய கீழ்ப்பக்கத்தில் கல்லோ கட்டையோ வைப்பது கூடுதல் காப்பு. புறப்படும்போது கியர் விழுந்திருப்பதை மறந்து சாவி திருப்பினால் வண்டி துள்ளும். கிளட்சையும் பிரேக்கையும் முழுதாக மிதித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வைத்த கல்லைச் சாலையிலேயே விட்டுப் போனால், இரவில் வரும் இருசக்கர வண்டி அதில் ஏறிக் கவிழும். அதை ஓரமாக எடுத்துப் போடும்வரை ஓட்டுநரின் பொறுப்பு முடிவதில்லை.