நெல்முளையும் துணிப்பையும்

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இரண்டுக்கும் நடுவே எர்ணாவூர். அலைக்கு அஞ்சாத மீனவர் குடும்பங்கள், ஆலைச் சங்கொலி கேட்டு எழும் தொழிலாளர் குடும்பங்கள், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தோர், இவர்கள் வாழும் ஊர். துறைமுகத்தை நோக்கி ஊர்ந்திடும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு அங்கே தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. அவ்வூரில் ஒரு மாலை, படிப்பகத்து வாயிலில், இளைஞர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தோம்.

ஒருவர் கேட்டார்: "ஐயா, மேல்நாட்டிலே வீட்டு அடுப்பிலேயே தானியத்தை ஊறவைத்துப் பீர் செய்கிறார்களாமே! ஒரு பாத்திரம், ஒரு துணிப்பை, அவ்வளவுதான் கருவியாம். இப்படிப்பட்ட அறிவெல்லாம் நமக்கு எப்போது வரும்?"

கேள்வியிலே இரண்டு பகுதிகள். முற்பகுதி உண்மை. பிற்பகுதியோ, நம்மை நாமே அறியாததால் எழுந்த ஏக்கம். அந்த ஏக்கம் தீர, வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதலில் அந்தத் துணிப்பையின் கதை. பார்லியை நீரில் ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் உலர்த்தி எடுத்தால் அதற்கு மால்ட் என்று பெயர். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் பீர். பழைய முறைப்படி வெந்நீருக்கு ஒரு கலம், ஊறலுக்கு ஒரு கலம், கொதிக்கவைக்க ஒரு கலம் என்று மூன்று கலங்கள் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்காக இதைச் செய்துவந்தோர் சிலர், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மூன்று கலங்களை ஒன்றாக்கினர். பெரிய பாத்திரத்தில் ஒரு மெல்லிய துணிப்பையை விரித்து, 65 முதல் 68 பாகை சூட்டு நீரில், நான்கைந்து கிலோ மால்ட்டை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைத்தனர். பிறகு பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டால் சக்கை பையில், சாறு பாத்திரத்தில்! அதே பாத்திரத்தில் ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவை இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடிவைத்தால், இரண்டொரு வாரத்தில் 20 லிட்டர் அளவுக்குப் பீர். சூட்டை அளக்க ஒரு வெப்பமானி, கலங்களைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுமை, இவை இரண்டும் இருந்தால் தொடக்கக்காரரும் தடுமாறுவதில்லை.

மந்திரம் உண்டா இதிலே? மாயம் உண்டா? இல்லை. முளைக்கும் விதை, தன் குருத்துக்கு உணவூட்டத் தன்னுள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். அதற்கான நொதியை விதையே ஆக்கிக்கொள்ளும். அந்த நொதியை மால்ட்டிலிருந்து 1833-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டினர் பேயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார். சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுவது உயிருள்ள ஈஸ்ட் என்று நிலைநாட்டினார் பாஸ்டர். பீர் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1876-ல் வந்தது. ஈஸ்ட்டை நசுக்கிச் சாறெடுத்து, உயிரணு இல்லாமலே அந்த மாற்றத்தை நடத்திக் காட்டினார் புக்னர், 1897-ல். அதற்காக அவருக்கு 1907-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. தேவரும் இல்லை, அசுரரும் இல்லை அந்தப் பானைக்குள். இருப்பது விதையின் நொதியும், ஈஸ்ட்டின் பசியும்!

இனி, நம் வீட்டுக்கு வருவோம். பத்துப்பாட்டிலே ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன், காஞ்சியில் இருந்து தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். எர்ணாவூரும் அந்தத் தொண்டை மண்ணிலே உள்ளதுதான். வறுமையில் வாடும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. வழியிலே யார் யார் எந்தெந்த உணவு தருவார்கள் என்று அடுக்கிச் செல்லும் புலவர், ஆழ்ந்த குளக்கரையில் வாழும் வலைஞர் குடியிருப்புக்கு வருகிறார். அங்கே பாணனுக்குக் கிடைப்பது என்ன? சுட்ட மீனும், நறும்பிழி என்னும் மதுவும்.

அந்த நறும்பிழியை எப்படிச் செய்தார்கள் என்பதைப் புலவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாயுடைய தட்டிலே கொட்டி ஆற்றுகிறார்கள். ஆறிய பிறகு, புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போலத் தோன்றும் நல்ல 'அடை'யைக் கலக்கிறார்கள். வலிய வாயுடைய சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் வைக்கிறார்கள். பச்சை மணம் நீங்கி முதிர்ந்த பின், வெந்நீர் கூட்டி அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். பிழிந்ததால் அது பிழி. அந்த அடை என்பது என்ன? நெல்முளை என்று பொருள் கொண்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். நெல்லை முளைக்கவைத்து இடித்த மாவு! ஆங்கிலேயன் பார்லி மால்ட் என்பதை, தொண்டை நாட்டு வலைஞன் நெல்லிலே செய்து வைத்திருந்தான்.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப்பாருங்கள். களியை ஏன் முதலில் சமைக்க வேண்டும்? அரிசியின் மாவுச்சத்து வெந்து குழைந்தால்தான் நொதி அதனுள் புகுந்து வேலை செய்யும். பார்லி குறைந்த சூட்டிலேயே குழையும். அதனால்தான் பையில் இட்டு வெந்நீரில் ஊறவைத்தால் போதுமாகிறது. அரிசிக்கு அது போதாது, அடுப்பேற்ற வேண்டும். பிறகு ஏன் ஆற்ற வேண்டும்? கொதிக்கும் களியிலே முளைமாவைக் கொட்டினால் நொதி செத்துவிடும், சர்க்கரை பிறக்காது. சமை, ஆற்று, கலந்திடு என்ற அந்த வரிசையை மாற்றினால் பானையில் கிடைப்பது மது அல்ல, கெட்டுப்போன கஞ்சி. வெப்பமானி இல்லை, நொதி என்ற சொல் இல்லை, பாஸ்டர் பிறக்கவில்லை. ஆயினும் வரிசை பிசகவில்லை! பார்த்து, செய்து, தவறி, திருத்தி, மீண்டும் செய்து கண்ட அறிவு அது. ஆய்வுக்கூடம் இல்லாத ஆராய்ச்சி. அதைச் செய்தவர் அரண்மனைப் பண்டிதர் அல்லர், வலை வீசும் மக்கள்.

வேறுபாடு இல்லையா? உண்டு. துணிப்பை முறையில் முதலில் பிழிந்துவிட்டுப் பிறகு புளிக்கவிடுகிறார்கள். வலைஞர் முதலில் புளிக்கவிட்டுப் பிறகு பிழிந்தார்கள். ஹாப்ஸ் பூவும் இங்கே இல்லை. ஆனால் அடிப்படை ஒன்றே: முளைத்த தானியம், அளவறிந்த சூடு, சக்கையைப் பிரிக்கும் கை.

இது தமிழருக்கு மட்டும் உரிய பெருமை என்று மார்தட்டவும் வேண்டாம். சுமேரியர் நின்காசி என்னும் பீர்த் தெய்வத்துக்குப் பாடிய துதியிலே முளைத்த தானியமும் ஊறலும் வடிகலமும் வருகின்றன. அது ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் எழுதப்பட்டது. அசாமின் திமாசா மக்கள் இன்றும் அரிசியில் ஜூதிமா செய்கிறார்கள். அதற்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தானியம் விளைந்த இடமெல்லாம் இந்த அறிவும் விளைந்தது. அங்கே அது வாழ்கிறது. இங்கே ஏடுகளில் மட்டும் இருக்கிறது. ஏன்?

பழிப்பு ஒரு காரணம். மனுநூல் பதினோராம் அத்தியாயத்தைப் பாருங்கள்: சுரா என்பது தானியத்தின் கழிவாம், மேல்வருணத்தார் மூவரும் தொடலாகாதாம், தொட்டவன் கொதிக்கும் சுராவைக் குடித்துச் சாவதே கழுவாயாம்! நல்லது, ஒழுக்கம் போதிக்கிறார்கள் என்று எண்ணுவோம். ஆனால் சௌத்திராமணி என்னும் வேள்வியிலே படைக்கப்பட்டது எது? அதே சுரா! முளைவிட்ட நெல்லும் முளைவிட்ட பார்லியும் சேர்த்துச் செய்யும் முறையை வேள்வி நூல்களே பேசுகின்றன. வேள்விக் கலத்தில் இருந்தால் புனிதம். வலைஞன் சாடியில் இருந்தால் கழிவு! பொருள் ஒன்று, செய்முறை ஒன்று. மதிப்பு மட்டும் இரண்டு. பொருளை விட்டுவிட்டுச் செய்தவனைப் பார்த்து இடப்பட்ட மதிப்பு அல்லவா அது?

அடுத்தது ஆட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இலண்டனின் போ மதுவாலையிலிருந்து ஹாட்ஜ்சன் அனுப்பிய பீர், பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. சென்னையிலே அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளிலே, அலையைப் பிளந்து சரக்கைக் கரை சேர்த்தவர் இந்தக் கரையோர மக்கள். கும்பினி அதிகாரியின் பீரைச் சுமந்த தோளுக்குத் தன் முன்னோர் பாட்டில் வாழும் நறும்பிழி தெரியாது! பிறகு 1886-ல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. மது செய்யும் உரிமை அரசின் சொத்தாயிற்று. ஏலம் எடுத்தவனுக்கு வருவாய், அரசுக்கு வரி, ஏழைக்குச் சாராயம்.

குடியின் கொடுமையை நாம் அறியாதவர் அல்லர். 1921-ல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியார் தம் தோப்பிலிருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் மறியலின் முன்னணியில் நின்றனர். கூலியைக் குடியிலே தொலைத்தவன் வீட்டில் உலை ஏறாது. அடியும் வசையும் வாங்குபவள் அவன் மனைவி. எனவே, குடிக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. மற்றொன்றும் தெளிவாகட்டும்: தமிழ்நாட்டிலே உரிமமின்றி மதுவகை எதைச் செய்வதும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பிரிட்டன் 1963-லும் அமெரிக்கா 1978-லும் வீட்டுப் பீருக்குத் தடையை நீக்கின, இங்கே நீக்கவில்லை. துணிப்பையைக் கண்டு ஆவல்கொண்ட இளைஞர் அதையும் அறிந்திருக்க வேண்டும்.

பின் எதற்காக இந்த வரலாறு? உயிருக்காக!

1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, பின்னர் மீண்டும் கடைகள் திறந்தன, 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையாக விற்கிறது. சட்டம் வந்தது, போனது. கள்ளச்சாராயச் சாவு மட்டும் போகவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். கொன்றது எது? ஊறல் அன்று; புளிப்பு அன்று; மெத்தனால்! ஆலைகளுக்கென்று உள்ள கரைப்பான். தானியம் புளிக்கும்போது பிறப்பது எத்தனால். மெத்தனாலோ உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரைப் பறிக்கும். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போலத்தான், சுவையிலும் காட்டிக்கொடுக்காது. கண் மங்குகிறது என்றால் உறங்கிவிட்டால் தெளியும் என்று படுத்தவன் எழவில்லை. அந்த நேரத்திலே மருத்துவமனைக்கு ஓடியவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு இருந்தது.

'எல்லாம் சாராயந்தானே, குடித்தான் செத்தான்' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பாவம் என்று ஒதுக்கிய பொருளைப் பற்றி யாரும் பாடம் சொல்லவில்லை. பாடம் சொல்லாததால் நஞ்சுக்கும் மதுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தெரியாதவன் சாவையும் அவன் பாவத்தின் கூலி என்றே எழுதிவைத்தார்கள். அறியாமையை வளர்த்தவர்கள் குற்றவாளிகள் ஆகவில்லை. அறியாமல் இறந்தவனே குற்றவாளி ஆனான். பகுத்தறிவு பேசும் நாம் இந்தக் கணக்கைத் திருத்த வேண்டாமா? குடிக்காதே என்று சொல்லுவோம். ஏன் என்றும் சொல்லுவோம். எது எத்தனால், எது மெத்தனால் என்று படிப்பகந்தோறும் சொல்லுவோம். மறைத்து வைத்த அறிவால் யாரும் திருந்தியதில்லை.

இவ்வளவும் கேட்ட பின், எர்ணாவூர் இளைஞரிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "தம்பி, உன் வீட்டிலே கைக்குழந்தைக்கு என்ன கஞ்சி?"

"கேழ்வரகுக் கஞ்சி, ஐயா. அம்மா கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியிலே முடிந்து தொங்கவிடுவார்கள். முளை வந்ததும் காயவைத்து அரைப்பார்கள்."

"சாதாரண மாவிலே ஏன் காய்ச்சவில்லை?"

"முளைகட்டிய மாவுதான் கெட்டியாகாமல் இளகி நிற்கும், குழந்தைக்கு எளிதில் செரிக்கும் என்பார்கள்."

சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார். பேயனும் பெர்சோவும் பிரித்தெடுத்த அதே நொதிதான் அந்தக் கஞ்சியை இளக்குகிறது. துணிப்பையும் வீட்டிலேயே இருக்கிறது. வாசற்படிக்குப் பக்கத்திலே, ஆணியில் தொங்குகிறது. அந்த முடிச்சைக் கட்டிய தாயைப் படிக்காதவள் என்று இனி யாரேனும் சொன்னால், வலைஞர் சாடியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.