பெயரைச் சரியாகக் கேட்பது: திருகோணமலைக் கடலும் வானொலிக்காரர்களும்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, இயற்கைத் துறைமுகம் ஆகியவை நம்மவர் நினைவுக்கு வரும். அந்நகரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது காற்றலைகளோடு நெடுங்காலம் வாழ்ந்த ஊர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை அங்கே கம்பியில்லாத் தந்தி இரவும் பகலும் ஓயாமல் இயங்கியது. 1984 முதல் ஜேர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி அங்கிருந்து ஆசியாவுக்கு அஞ்சல் செய்தது. அந்நிலையம் பின்னாளில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமானது.

இந்தக் கட்டுரை பெரிய வானொலி நிலையங்களைப் பற்றியதன்று. வானொலியில் பேசுகிறவர் தம்மை இன்னார் என்று சொல்லும் முறையையும், கேட்கிறவர் அதைப் பிழையின்றிக் குறித்துக்கொள்ளும் ஒழுக்கத்தையும் பற்றியது. அமெச்சூர் வானொலிக்காரர்களின் போட்டிகளில் இது புள்ளிக் கணக்கு. இந்தத் தீவின் கடற்கரைகளில் அது சில வேளைகளில் உயிர்க் கணக்காகவும் இருந்திருக்கிறது.

முதலில் 1942. ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா ரோந்து விமானம் ஒன்று இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைல் தொலைவில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானத்தின் தலைவர் கனேடியரான லியனார்ட் பேர்ச்சல். கண்டதை உடனே தந்தியடிக்கத் தொடங்கினார்கள். ஒரே செய்தியை மூன்று முறை அனுப்புவது அக்கால விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையில் எதிரி விமானங்களின் சூடு பட்டுத் தந்திக் கருவி சிதறியது. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு சிறைப்பட்டனர்.

விசாரித்த ஜப்பானியரிடம், செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று சிறைப்பட்டவர்கள் சாதித்தார்கள். அப்போது கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்ததாகவும், அது ஜப்பானியர் காதிலும் விழுந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். “உங்கள் செய்தியைத் திரும்பச் சொல்லுங்கள்” என்பதே அந்த அழைப்பின் சாரம். பொய் அம்பலமானது, கைதிகள் அடி வாங்கினார்கள். ஆனாலும் கொழும்பில் கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. தெளிவில்லாத செய்தியைத் தெளிந்துகொள்ளக் கேட்பது அவர் கடமை. ஊகித்து எழுதியிருந்தால் அதன் விளைவு வேறாக இருந்திருக்கும்.

மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 8ஆம் திகதி இன்னொரு ரோந்து விமானம் எதிரிக் கப்பல்களைக் கண்டு அறிவித்தது. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. 9ஆம் திகதி காலை குண்டு விழுந்தபோது துறைமுகம் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. வெளியேறியவற்றில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. அந்த வாரம் முழுவதும் ‘யார், எங்கே, எந்தத் திசையில்’ என்ற மூன்று சொற்களைக் காற்றில் பிடிக்கும் போராட்டமாகவே கழிந்தது.

‘யார்’ என்பதற்கு வானொலியில் விடை சொல்வது அழைப்புக்குறி. ஆரம்ப நாட்களில் நிலையங்கள் தாங்களே தங்களுக்கு எழுத்துகளைச் சூட்டிக்கொண்டன. 1912இல் லண்டனில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து நாடுகளுக்கு முதலெழுத்துகள் பங்கிடப்பட்டன. 1927இல் வாஷிங்டன் மாநாடு அமெச்சூர்களைத் தனிப் பிரிவாக அங்கீகரித்தது. அதன்பின் ஒருவருடைய அழைப்புக்குறியின் முதல் எழுத்துகளைக் கேட்டதுமே அவர் நாடு தெரிந்துவிடும்.

பிரித்தானிய ஆட்சியில் ஹொங்கொங்குக்கு வி.எஸ்.6, இலங்கைக்கு வி.எஸ்.7. சுதந்திரத்துக்குப் பின் இலங்கையின் குறி 4எஸ்7 என்றானது. 1950இல் இலங்கை வானொலிச் சங்கமும் தோன்றியது. இந்த மாற்றத்தை மோர்ஸ் ஒலியில் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ‘வி’ என்பது மூன்று புள்ளி, ஒரு கோடு. ‘4’ என்பது நான்கு புள்ளி, ஒரு கோடு. காலனிக்கும் சுதந்திர நாட்டுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி! அடுத்து வரும் ‘எஸ்’ மூன்று புள்ளி. அதில் ஒரு புள்ளி கூடினால் ‘எச்’. இரண்டு கூடினால் ‘5’. இரைச்சலும் மங்கலும் நிறைந்த சிற்றலையில் இவற்றைப் பிரித்தறிவதற்குப் பயின்ற செவி வேண்டும்.

இந்தப் பயிற்சிக்குக் களம் போட்டிகள். 1948இல் தொடங்கிய சி.க்யூ. உலகப் போட்டி அவற்றில் புகழ்பெற்றது. அக்டோபர் கடைசி வார இறுதியில் குரல் வழியாகவும், நவம்பர் கடைசி வார இறுதியில் மோர்ஸ் வழியாகவும் 48 மணி நேரம் நடக்கிறது. ஒவ்வொரு தொடர்பிலும் அழைப்புக்குறியையும், அலையின் தரத்தையும், மண்டல எண்ணையும் பரிமாறுவார்கள். தரம் கேட்டால் எல்லோரும் ‘ஐந்து ஒன்பது’ என்பார்கள்; அதாவது மிகத் தெளிவு. ‘ஐந்து ஒன்பது’ என்று சொல்லிவிட்டு, “உங்கள் குறியைத் திரும்பச் சொல்லுங்கள்” என்று நான்கு முறை கேட்பதும் உண்டு. மண்டல எண்ணோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒன்றே: 22. ஆக, பரிமாறப்படுவதில் உண்மையான செய்தி அழைப்புக்குறி ஒன்றுதான்.

அதனால்தான் நடுவர்கள் அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். போட்டி முடிந்ததும் எல்லோருடைய பதிவேடுகளையும் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு குறியைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தொடர்பு நீக்கப்படும். அதன் மதிப்பைப் போல இரு மடங்கு தண்டமும் கழிக்கப்படும். ஒரு பிழைக்கு மூன்று தொடர்புகளின் இழப்பு. அவசரத்துக்கு ஊகிப்பதைவிட, நான்கு விநாடி செலவிட்டு மறுபடி கேட்பதே இலாபம் என்று விதியே கற்பிக்கிறது.

மரியாதைகளும் இதிலிருந்தே பிறந்தவை. ஓர் அலைவரிசையில் பேசுமுன், அது வேறு எவருக்கேனும் பயன்படுகிறதா என்று செவிமடுத்து, பிறகு கேட்க வேண்டும். தன் குறியை முழுமையாக, ஒரு முறை, தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலையத்தை நடத்துபவர் ஒரு குறியின் பாதியைப் பிடித்து “இந்த எழுத்துகள் உள்ளவர் மட்டும்” என்றால், மற்ற நூறு பேரும் வாய்மூடியிருக்க வேண்டும். நடத்துபவரும் தம் குறியை அடிக்கடி அறிவிக்க வேண்டும். இல்லையேல், யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமலே கூட்டம் சேரும்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இதில் புதுமை எதுவும் தோன்றுவதில்லை. தலையங்கத்தில் ஒரு வாக்கியம் பிசகினால் வாசகர் மன்னிப்பார். மரண அறிவித்தலில் ஒரு முன்னெழுத்து மாறினால் ஒரு குடும்பமே படியேறி வரும். பெயர் என்பது தகவல்களுள் ஒன்றன்று. மற்றத் தகவல்கள் அனைத்தும் தொங்கும் ஆணி அது.

இப்போது புதியதொரு சோதனை வந்திருக்கிறது. எந்த நிலையம் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பதை இணையம் நொடியில் திரையில் காட்டிவிடுகிறது. திரையில் கண்ட குறியைக் காதால் சரிபாராமல் எழுதிக்கொள்வோர் உண்டு. முதலில் அறிவித்தவர் ஒரு புள்ளியைத் தவறவிட்டிருந்தால் அப்பிழை உலகெங்கும் பரவும். செய்தி நிறுவனத்தின் பிழையைப் பத்துப் பத்திரிகைகள் அப்படியே அச்சிடுவது போன்றதுதான் இதுவும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் நுணுக்கம் என்று எண்ணுவோர் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். திருகோணமலைக்குக் கிழக்கே, வங்கக் கடலின் மறுகரையில், அந்தமானின் போர்ட் பிளேயரில் அன்று பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் இருந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அத்தீவுகளில் அமெச்சூர் வானொலிக்கு அனுமதி கிடைத்திருந்தது. வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற அவருடைய குறியைத் தேடி உலகமே மொய்த்துக்கொண்டிருந்தது. நிலம் அதிர்ந்து கடல் பொங்கியதும், அதே நிலையம் அவசர நிலையமாயிற்று. முன்தினம் வரை அழைப்புக்குறிகளைப் பிடித்த செவி, காணாமற்போனவர்களின் பெயர்களையும் உயிரோடிருப்பவர்களின் பெயர்களையும் பிடிக்கத் தொடங்கியது.

இலங்கையில், வானொலிச் சங்கத்தின் தலைவராக இருந்த விக்டர் குணதிலகவும் நண்பர்களும் அழிந்துகிடந்த ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலையில் இணைத்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத ஊரில் மின்கலமும் கம்பியும் போதுமாயிருந்தன. அதே காலையில் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி ஆகியவை கடலால் அடிபட்டன. கிண்ணியாவின் மருத்துவமனையையே அலை சிதைத்தது.

கிழக்கு மாகாணத்தில் இப்பயிற்சி பரவாமற் போனதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போரில், ஒலிபரப்பும் கருவியைக் கையில் வைத்திருப்பவன் சந்தேகத்துக்குரியவன். மாணவர்கள் மோர்ஸ் பழகக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. ‘யார் பேசுவது’ என்ற கேள்வி அங்கே நட்பின் கேள்வியாக இல்லாமல் விசாரணையின் கேள்வியாகவே ஒரு தலைமுறைக்கு ஒலித்தது.

போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. உரிய பரீட்சையும் உரிமமும் உண்டு. கருவிகளின் விலையும் முன்புபோல எட்டாத உயரத்தில் இல்லை. திருகோணமலையின் பாடசாலைகளில் பத்து மாணவர்கள் ஒரு வார இறுதிப் போட்டியில் அமர்ந்தால், அவர்கள் வெல்லப்போவது கிண்ணத்தையன்று. இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பொறுமையாகக் கேட்டு, ஐயம் வந்தால் வெட்கப்படாமல் மறுபடி கேட்டு, சரியாக எழுதிக்கொள்ளும் பழக்கத்தை. அடுத்த முறை கடல் பொங்கினாலும் புயல் அடித்தாலும், அந்தக் கரைக்கு முதலில் வேண்டியிருப்பது அதுவாகத்தான் இருக்கும்.